முழங்கால் தண்ணீரும் ஒரு மொட்டையும்

அவர் பாறைகளுக்குப் பெயர் வைப்பார். பெற்ற மகளுக்குப் பெயர் வைக்க நட்சத்திரம், ராசி, மாமியார் வீட்டு மனஸ்தாபம் எல்லாம் பார்த்து மூன்று மாதம் எடுத்துக்கொண்டவர், பாறை என்றால் யோசிக்கவே மாட்டார். கழுத்து மெலிந்து தலை பெருத்து நிற்கிற ஒரு பாறைக்கு எங்கள் மேனேஜரின் பெயர். அடியில் அலை புகுந்ததும் உச்சியிலுள்ள ஓட்டை வழியாகப் ‘புஸ்’ஸென்று மூச்சு விடும் பாறைக்கு எங்கள் கேஷியரின் பெயர், கேஷியருக்கு வீசிங் உண்டு. திங்கட்கிழமை காலையில் வந்து பையை ஆணியில் மாட்டும்போதே, “நேத்து மேனேஜர் மண்டையில ரெண்டு நண்டு ஏறிக்கிட்டு இருந்துச்சு” என்பார். மேனேஜர் உள்ளறையில் இருக்கும்போதே சொல்வார். நாங்கள் ஃபைலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரிப்போம்.

“என் பேர்ல ஒண்ணும் இல்லையா அண்ணாச்சி?” என்று ஒருமுறை கேட்டேன்.

“உன்னை இன்னும் கூட்டிட்டுப் போகலைலா தம்பி. பக்கத்துல நிறுத்திப் பாத்துட்டுத்தான் வைக்கணும்.”

நான் அதைப் பிரியம் என்று எடுத்துக்கொண்டேன். என்னைத் தம்பி என்று கூப்பிட்டதையும் சேர்த்துத்தான்.

தூத்துக்குடியில் ஒரு கிளியரிங் ஏஜென்சி எங்களுடையது. கப்பலில் வந்த சரக்குக்குச் சுங்கத்தில் காகிதம் போட்டு வெளியே எடுத்துக் கொடுக்கிற வேலை. மொத்தம் எட்டுப் பேர். அவர் உள்ளே உட்கார்ந்து காகிதம் தயார் செய்கிறவர். நான் அந்தக் காகிதத்தோடு துறைமுகத்து யார்டுக்குப் போகிறவன். யார்டு என்றால் பெட்டிகள். மாடி வீடுகளைப் போல அடுக்கிய கண்டெய்னர் பெட்டிகளும், அவற்றைத் தூக்கிக்கொண்டு தலைக்கு மேலே போகிற கிரேன்களும். அதிகாரி ஒரு பெட்டியைத் திறக்கச் சொன்னால் பக்கத்தில் காகிதத்தோடு ஒருவன் நிற்க வேண்டும். அந்த ஒருவன் நான். ஆரஞ்சு ஜாக்கெட், மஞ்சள் ஹெல்மெட், போட்டோ ஒட்டிய கேட் பாஸ். சாத்தான்குளத்தில் என் அப்பா, “மவன் ஹார்பர்ல இருக்கான்” என்று சொல்லும்போது அவர் கண்ணில் தெரிவது நான் அல்ல, அந்த ஜாக்கெட். அதைக் கழற்றிவிட்டால் நான் பேனா மூடியைக் கடிக்கிற இன்னொரு குமாஸ்தா.

அந்த ஜாக்கெட்டுக்குள் ஒரு சங்கதி இருந்தது. சில நாள், பெட்டி தலைக்கு மேல் நகரும்போது எனக்கு நெஞ்சு இறுகும். விரல் மரத்துப்போகும். இதோ செத்துவிட்டேன் என்று தெளிவாகத் தெரியும். ஐந்து நிமிடம் கழித்து, சாகவில்லை என்பதும் அதே அளவு தெளிவாகத் தெரியும். ஹார்ட் என்று பயந்து திருநெல்வேலிக்குப் போய் ஒரு டாக்டரைப் பார்த்தேன். தூத்துக்குடியில் பார்த்தால் ஊசி போடும் முன்பே ஊருக்குத் தெரிந்துவிடும். அவர் எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, “உங்க இதயம் நல்லாத்தான் இருக்கு. இது பேனிக் அட்டாக். பயம்” என்றார்.

“எதுக்கு டாக்டர் பயப்படுதேன்?”

“அதை நீங்கதான் சொல்லணும்.”

சொல்லத் தெரிந்தால் நான் ஏன் திருநெல்வேலிக்கு பஸ் ஏறுகிறேன்?

யார்டில் அது வரும்போது நான் ஜோக் சொல்வேன். சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருக்கும்போது, “மெதுவா திறங்க சார், உள்ள என் மாமியார் இருந்தாலும் இருப்பா” என்பேன். அதிகாரி சிரிப்பார். அவர் சிரித்து முடிப்பதற்குள் எனக்கு மூச்சு திரும்பியிருக்கும். ஹார்பரில் என்னை விஞ்சிய தமாஷ்காரன் கிடையாது என்று பெயர் வாங்கினது இப்படித்தான். விஷயம் என் மனைவிக்கு மட்டும் தெரியும். ஆபீஸுக்குத் தெரிந்தால் மறுநாள் ஜாக்கெட் போய்விடும். கிரேனுக்கு அடியில் சரியக்கூடியவனை எந்த மேனேஜரும் அனுப்பமாட்டான். அனுப்பக் கூடாதுதான். எனக்கும் தெரியும். தெரிந்துதான் மறைத்தேன்.

பாருங்கள், அவரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்து என்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவர் பக்கத்தில் போகிற எல்லோருக்கும் இதுதான் நடக்கும்.

அவர் கேள்வி கேட்க மாட்டார். தன் டீயில் பாதியை ஊற்றி நம் பக்கம் நகர்த்துவார். பிறகு ‘ம்’ என்பார். அந்த ‘ம்’முக்கு ஒரு சாய்மானம் உண்டு, நம்மையறியாமல் அதில் சாய்ந்துவிடுவோம். யாருக்கு வீட்டில் சண்டை, யார் மகன் பரீட்சை எழுதாமல் சினிமாவுக்குப் போனான், யாருக்கு எந்த இடத்தில் கட்டி, எல்லாம் அவருக்குத் தெரியும். கேட்டு முடித்ததும் கையைத் துடைத்துக்கொண்டு ஒரே வாக்கியம் சொல்வார்: “என்கிட்ட சொன்னா கல்லுகிட்ட சொன்ன மாதிரி.”

கேஷியரை அவர் பாறை பார்க்கக் கூட்டிப்போனது எனக்கு முந்தின வருடம். அந்த மனிதர் வேறொரு ஏஜென்சியில் வேலை கேட்டு ரகசியமாகப் போய்வந்திருந்தார். அதைப் பாறையில் உட்கார்ந்து அண்ணாச்சியிடம் சொல்லியிருக்கிறார். அடுத்த வாரம் பீரோச் சாவியை மேனேஜர் வாங்கி வைத்துக்கொண்டார். எப்படித் தெரிந்தது என்று கேஷியருக்குப் புரியவில்லை. பியூனைச் சந்தேகப்பட்டார், என்னைச் சந்தேகப்பட்டார், தன் மனைவியின் தம்பியைக்கூடச் சந்தேகப்பட்டார். கடைசியில் அண்ணாச்சியிடமே போய், “யாரா இருக்கும்னு நினைக்கிய?” என்று கேட்டார். அண்ணாச்சி டீயைப் பாதி ஊற்றிக் கொடுத்தாராம். கேஷியர் அதைக் குடித்துவிட்டு இன்னும் இரண்டு விஷயம் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

இது எல்லாம் தெரிந்த பிறகும் நான் போனேன். புத்தி என்பது அலுவலக நேரத்தில் மட்டும் வேலை செய்கிற உறுப்பு. அவர் கூப்பிட்டது ஞாயிற்றுக்கிழமை.

“பத்து நிமிச நடைதான் தம்பி. வெறும் கையை வீசிக்கிட்டு வா. தண்ணி வத்தி இருக்கும்போது போயிட்டுத் திரும்பிருவோம்.”

திருச்செந்தூர் தாண்டி மணப்பாடு போகிற வழியில் பஸ்ஸைவிட்டு இறங்கினோம். உடைமரங்களுக்குள் ஒற்றையடிப் பாதை. அவர் கையில் ஒரு மஞ்சள் பை. அதில் ஒரு பொட்டலம் மக்ரூன், ஒரு தண்ணீர் பாட்டில். ரப்பர் செருப்பு நழுவாமலிருக்கக் கணுக்காலோடு சேர்த்துச் சணல் கயிற்றால் கட்டியிருந்தார். பாறையை நெருங்கியதும் லாரி டயரைத் தட்டிப் பார்க்கும் டிரைவரைப் போல ஒவ்வொன்றையும் உள்ளங்கையால் தட்டிவிட்டுத்தான் ஏறுவார்.

கடலோரப் பாறை என்றால் கருங்கல்லாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இது வேறு ரகம். கடற்கரை மணலே இறுகிப் பாறையாகி, பலகை பலகையாகக் கடலைப் பார்த்துச் சரிந்து கிடந்தது. குனிந்து பார்த்தால் அசல் கோவில்பட்டிக் கடலைமிட்டாய். கடலைக்குப் பதில் சிப்பியும் சங்குத் துண்டும். பாகுக்குப் பதில் சுண்ணாம்பு. சில பலகைகளில் பணியாரக்கல்லைப் போல வரிசையாகக் குழிகள். குழிக்கு ஒரு மடக்குத் தண்ணீர், தண்ணீருக்கு ஒரு நகம் அளவு மீன். கேஷியர் பாறை நிஜமாகவே இழுத்து இழுத்து மூச்சு விட்டது. மேனேஜர் பாறைக்கு நான் வணக்கம் வைத்தேன். அதுவும் திரும்ப வைக்கவில்லை.

“எத்தனை லட்சம் வருசம் இருக்கும் அண்ணாச்சி?”

அவர் சிரித்தார். “லட்சமா? இங்கன பாரு.” பாறையின் விளிம்பில், சிப்பிகளுக்கு நடுவே, ஒரு சோடா பாட்டில் மூடி பதிந்திருந்தது. துருப்பிடித்து, பல் பல்லாக, பாறையோடு பாறையாக. “நம்ம காலத்துப் பாறைலே இது. உன்னைவிடச் சின்னதாக்கூட இருக்கும். பாத்தா மட்டும் உலகம் தோணின நாள்ல இருந்து இருக்க மாதிரி இருக்கும்.”

பெரிய ஞானம் கிடைத்தாற்போல அதைப் போட்டோ எடுத்தேன். இப்போதும் போனில் இருக்கிறது.

அப்புறம் அவர், “நீ இங்கனயே இரு. அந்தப் பக்கம் ஒரு வளைவுப் பாறை இருக்கு, போற வழி நல்லா இருக்கான்னு பாத்துட்டு வாரேன்” என்று மறைந்தார். நான் தாழ்வான ஒரு பாறையில் உட்கார்ந்து மக்ரூன் தின்றேன். நாலாவது மக்ரூனில் நிமிர்ந்தபோது நாங்கள் நடந்துவந்த மணலைக் காணோம். அங்கே தண்ணீர் இருந்தது.

இங்கே என் தொழில் என்னைக் கவிழ்த்தது. மற்ற மனிதர்களுக்குத் தண்ணீர் என்றால் குளம், வாய்க்கால், இடுப்பு, கழுத்து. இருபது வருடம் துறைமுகத்துக் காகிதம் பார்த்தவனுக்குத் தண்ணீர் என்றால் கப்பல் மிதக்கிற ஆழம். அதற்குக் குறைந்த ஆழம் ஒன்று உலகத்தில் இருப்பது எனக்கு நினைவே வரவில்லை. ஆபீஸில் தினமும் ஒட்டுகிற, கடல் ஏறி இறங்கும் அட்டவணை போனில் இருந்தது. பார்த்தேன். இன்னும் ஏறும் என்றிருந்தது. எவ்வளவு என்றும் இருந்தது. அதைப் படிக்கிற நிலையில் கண் இல்லை. இந்தக் கரையில் கடல் ஏறினால் மிஞ்சிப்போனால் இரண்டு மூன்று படி உயரம் என்பதை, மணப்பாட்டில் நடக்கப் பழகும் குழந்தைகூட அறியும். சாத்தான்குளத்தில் நடக்கப் பழகியவன் அறிய மாட்டான்.

நெஞ்சு இறுகியது. விரல் மரத்தது. பாறையில் குப்புற விழுந்து நான்கு கால்களாலும் பற்றிக்கொண்டேன். மனைவியைக் கூப்பிட்டேன்; டவர் இல்லை. வாட்ஸ்அப்பில் மரண வாக்குமூலம் பதிவு செய்தேன். அதில் நான் சொன்ன கடைசி வார்த்தைகள்: “கேஸ் புக் பண்ணியாச்சு. பாப்பாவோட டிசி ஜெராக்ஸ் டிவிக்கு அடியில இருக்கு. நான் உன்னை நல்லா வச்சுக்கிடலை.” பிறகு, கோயில் கோபுரம் தெரியாத திசையைப் பார்த்து, தொண்டை கிழியக் கத்தினேன்: “முருகா, கரையேத்தி விட்டிரு. மொட்டை போடுதேன். மீசையையும் சேத்து எடுத்திருதேன்!”

“மீசை எதுக்குலே, அதுபாட்டுக்கு இருக்கட்டும்” என்று ஒரு குரல் கேட்டது.

அவர் தண்ணீரில் நடந்து வந்துகொண்டிருந்தார். நடந்து. வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். தண்ணீர் அவருடைய முழங்காலை எட்டுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

“என்னலே, பல்லி மாதிரி ஒட்டிக்கிட்டுக் கிடக்க?”

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். கிட்டே வந்து என் கையைத் தொட்டதும் சிரிப்பை நிறுத்திவிட்டார். நடுக்கம் பாறைக்கே கேட்டிருக்கும். பக்கத்தில் உட்கார்ந்தார். தண்ணீர் பாட்டிலைத் திறந்து மூடியில் ஊற்றிக் கொடுத்தார். என் மூச்சு ஒழுங்காகும்வரை என் மணிக்கட்டை விடவில்லை. இதை எழுதும்போதும் சொல்கிறேன், அந்தக் கை நல்ல கை. வெதுவெதுப்பாக, அவசரமில்லாமல் இருந்தது.

வெகுநேரம் கழித்துக் கடலைப் பார்த்துக் கை நீட்டினார். தள்ளி ஒரு பாறை, அலை மேலே ஏறி வெள்ளையாக வழிந்துகொண்டிருந்தது.

“அந்தா தெரியுதுல்லா, அது ஒண்ணுக்கு மட்டும் நான் பேர் வைக்கல. எனக்கு ஒரே ஒரு தம்பி. பன்னெண்டு வயசு. அங்கனதான் போனான். நான் கரையில நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். எனக்கும் நீச்சல் தெரியாது. என் பொண்டாட்டிகிட்டகூட இதைச் சொன்னதில்ல.”

நான் அழுதுவிட்டேன். என் பயத்துக்குப் பாதி, அந்தப் பன்னிரண்டு வயதுப் பையனுக்குப் பாதி. ஒரு மனிதன் மனைவியிடம்கூடச் சொல்லாததை நமக்குச் சொன்ன பிறகு நாம் வாயை மூடிக்கொண்டிருப்பது மரியாதையா? எல்லாவற்றையும் சொன்னேன். யார்டு, பெட்டி, நெஞ்சு, திருநெல்வேலி டாக்டர், மாத்திரையின் நிறம். மேனேஜருக்குத் தெரிந்தால் என் ஜாக்கெட் போய்விடும் என்பதையும் சொன்னேன். அவர் ‘ம்’ என்றார். பிறகு நான் ஒட்டிக்கிடந்த பாறையை உள்ளங்கையால் தட்டி, “இது இனிமே உன் பாறை. பல்லிப் பாறை” என்றார். நான் சிரித்தேன். கை துடைத்துக்கொண்டு அவருடைய வாக்கியத்தைச் சொன்னார்.

திரும்பும்போது பஸ்ஸில் டவர் கிடைத்து என் மரண வாக்குமூலம் தானாகவே போய்ச் சேர்ந்தது. இரண்டு நிமிடத்தில் மனைவியிடமிருந்து பதில் வந்தது: “வரும்போது கொத்தமல்லி வாங்கிட்டு வாங்க.”

வேண்டியது வேண்டியதுதான். அடுத்த வாரமே திருச்செந்தூர் போய் முடியைக் கொடுத்தேன். ஆபீஸில் எல்லோரும் தலையைத் தடவிப் பார்த்து ஏன் என்று கேட்டார்கள். மகள் பரீட்சைக்காக வேண்டுதல் என்று சொன்னேன். பாறையில் கத்தினது கடலுக்கும் முருகனுக்கும் அண்ணாச்சிக்கும் மட்டும்தான் தெரியும். அவர் முகத்தை வெகு பயபக்தியாக வைத்துக்கொண்டு, “பாப்பா நல்ல மார்க் வாங்குவா” என்றார்.

பத்து நாள் கழித்து மேனேஜர் உள்ளே கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். அவர் கெட்ட மனிதர் அல்ல. பெருத்த தலை, அவ்வளவுதான்.

“உடம்பு எப்படி இருக்கு?”

“எனக்கென்ன சார், மொட்டைத் தலையில காத்து நல்லா வருது.”

“ஜோக் வேண்டாம். மொட்டை உங்க மகளுக்காகப் போட்டது இல்லையாமே. பாறையில உக்காந்து பயந்து வேண்டுனீங்களாமே. மீசையும் சேத்து.”

மீசை. அந்த ஒரு சொல்லில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கடல் சொல்லியிருக்காது. முருகனுக்கு மேனேஜரோடு பழக்கமில்லை.

“யார்டுலயும் உங்களுக்கு இப்படி வருதாமே. ஏதாவது ஆனா நான்தான் பதில் சொல்லணும். நாளையில இருந்து உள்ள உக்காருங்க. திங்கக்கிழமை புது ஆள் வாரார், அவர்கிட்ட எல்லாத்தையும் குடுத்திருங்க.”

புது ஆள் வந்தார். முப்பது வயது, நல்ல உயரம், பணிவான பையன். ஹெல்மெட்டின் வார் அவர் தாடைக்கு இறுக்கமாக இருந்தது. ஒரு துளை தள்ளி நானே மாட்டிக் கொடுத்தேன். ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி ஜன்னலில் தன்னைப் பார்த்துக்கொண்டார். நானும் பார்த்தேன். அவருக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது.

அன்று சாயங்காலம் டீக்கடை வாசலில் அண்ணாச்சியை நிறுத்தினேன். இரண்டு நாளாக ஒத்திகை பார்த்திருந்த கேள்வி.

“மேனேஜர்கிட்ட சொன்னியளா?”

“சொன்னேன்” என்றார். கண் இமைக்கவில்லை. மறுப்பார் என்று எண்ணி அதற்குப் பதில் தயாரித்து வந்தவன், கையில் பதிலோடு நின்றேன்.

“வேற என்ன செய்யச் சொல்லுத? கிரேனுக்கு அடியில நீ விழுந்து கிடந்தா உன் பொண்டாட்டி பிள்ளைக்கு நான் என்ன சொல்லுவேன்? ஒரு தம்பியைப் பாத்துக்கிட்டே நின்னு விட்டவன்லே நான்.” குரல் உடைந்தது. “இன்னொருத்தனையும் விடச் சொல்லுதியா?”

அவர் கண் நிறைந்துவிட்டது. ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் அவர் தோளைப் பிடித்து, “விடுங்க அண்ணாச்சி, விடுங்க. நீங்க செஞ்சதுதான் சரி” என்று தேற்றினேன். என் ஜாக்கெட்டைக் கழற்றியவருக்கு என் டீயிலிருந்து பாதியை ஊற்றி நானே கொடுத்தேன்.

தை மாதம் அவர் மகளுக்குக் கல்யாணம். பத்திரிகை வைத்தார். மாப்பிள்ளை பெயரைப் படித்தேன். ஹெல்மெட் வாரை நான் தளர்த்திக் கொடுத்த பையன்தான். வேலை அமைந்தால் தையிலே வைத்துக்கொள்ளலாம் என்று வெகு நாளாகப் பேச்சு நடந்ததாம், கேஷியர் சொன்னார். “உம்ம வேலையைச் சீதனமாக் குடுத்திருக்காருவே” என்றும் சொன்னார். நான் அவரோடு சண்டை போட்டேன். காலியான இடத்துக்குத் தெரிந்த பையனைச் சொல்வது குற்றமா? இடத்தைக் காலி செய்ததே அவர்தானே என்று கேஷியர் கேட்டதற்கு, தம்பியைக் கடலுக்குக் கொடுத்த மனுசனைப் பற்றி நாக்கூசாமல் பேசாதீர் என்றேன். கேஷியர் ஒரு மாதிரி பார்த்தார். அப்போது அவரும் எதையோ சொல்ல வாயெடுத்தார். நான் விடவில்லை.

அந்தப் பையனை, பாறையில் போன பன்னிரண்டு வயதுத் தம்பியை, நான் அவ்வளவு நம்பியிருந்தேன். அவன் இருக்கிறவரை அண்ணாச்சி என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, காப்பாற்றினார். ஏழெட்டு மாதம் என்னைத் தூங்க வைத்தவன் அவன்.

கல்யாண மண்டபத்தில் இரண்டாவது பந்தி. நானும் கேஷியரும் பக்கத்துப் பக்கத்து இலை. எதிர் வரிசையில் பட்டுச் சட்டை போட்ட ஒருவர், ஐம்பது வயது இருக்கும், அவியலை வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பரிமாறுகிறவரை, “சாம்பார் இன்னொருக்கா ஊத்தும்” என்று கூப்பிட்ட குரலில் எனக்கு ஏதோ பழக்கம் தெரிந்தது. அதே சாய்மானம்.

“பொண்ணு வீடா?” என்று கேட்டேன்.

“பொண்ணுக்குச் சித்தப்பா. கோயம்புத்தூர்ல இருக்கேன். பொண்ணோட அப்பாவுக்கு நேர் தம்பி.”

உருட்டிய சோற்றை இலையிலேயே வைத்தேன். “அண்ணாச்சிக்கு எத்தனை தம்பி?”

“நான் ஒருத்தன்தான். மூணு பேரு நாங்க. அண்ணன், நான், அந்தா பாயச வாளியைத் தூக்கிட்டு வாராள்லா, அவ தங்கச்சி.”

பக்கத்து இலையிலிருந்து விக்கல் சத்தம் கேட்டது. கேஷியர். தண்ணீரைக் குடித்துவிட்டு என் காதுக்குள், “தங்கச்சியா? ஒரே ஒரு தங்கச்சி, அந்தப் பாறையிலதான் போனாள்னு எங்கிட்டச் சொன்னாருவே” என்றார். “நான் ரெண்டு நாள் சாப்பிடலை.”

தங்கச்சி வந்தாள். மெரூன் பட்டு, நெற்றியில் வியர்வை. கேஷியர் இலையில் ஒரு கரண்டி ஊற்றிவிட்டு, “இன்னுங் கொஞ்சம் விடட்டுமாண்ணே?” என்று கேட்டாள். கேஷியர் ஆவியைப் பார்க்கிறவரைப் போல அவளைப் பார்த்துத் தலையாட்டினார்.

எனக்குச் சோடா மூடி ஞாபகம் வந்தது. உலகம் தோன்றிய நாளிலிருந்து இருக்கிற மாதிரி ஒரு துக்கம். உள்ளே பார்த்தால் பல் பல்லாக, துருப்பிடித்து.

“நீங்களும் அண்ணன் ஆபீஸா?” என்றார் எதிர் இலைக்காரர். என் தலையை உற்றுப் பார்த்தார். முடி வளர்ந்திருந்தது; இருந்தும் கண்டுகொண்டார். “ஏய், பல்லிப் பாறை நீங்கதான! அண்ணன் உங்க மொட்டை போட்டோவை அனுப்பி, போன்ல சொல்லிச் சொல்லி நாங்க வீட்டோட சிரிச்சோம். முழங்கால் தண்ணி! மீசையும் சேத்து!” இலைக்கு மேலே குனிந்து நான்கு விரலை விரித்துப் பல்லியைப் போல ஒட்டிக் காட்டினார். அந்த வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன். என் பயத்தை வைத்து வேறொருவன் சிரிப்பு வாங்குகிறான். என் தொழிலையும் எடுத்துக்கொண்டார்கள் என்று புரிந்தது.

என் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை ஜோக் இல்லாமல் ஒன்று சொல்லிப் பார்த்தேன்.

“உங்களுக்காக நான் ஒரு நாள் அழுதிருக்கேன்.”

அவர் கணநேரம் என்னைப் பார்த்தார். பிறகு அவருக்குப் புரையேறியது. தலையைத் தட்டிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, “அண்ணன் சொன்னது சரிதான். பயங்கரத் தமாஷ் ஆள்யா நீங்க” என்றார்.

பந்தி முடிந்தது. அண்ணாச்சி வரிசை வரிசையாக விசாரித்துக்கொண்டு வந்தார். புது வேட்டி, நெற்றியில் சந்தனம். “சாப்பிட்டாச்சா, நல்லாருந்துச்சா” என்று என் இலைக்கு முன்னால் வந்து நின்றபோது நான் இலையின் விளிம்பைப் பிடித்திருந்தேன். அவரைப் பார்த்துக்கொண்டே மடித்தேன்.

“என்னவே இது,” கேஷியர் பதறி என் கையைப் பிடித்தார். “சாவு வீட்டுல மடிக்க மாதிரி வெளிப்பக்கமா மடிக்கீரு? கல்யாண வீடுவே. உம்ம பக்கமா மடியும்.”

“தெரியும்” என்றேன். “எனக்குத் தெரிஞ்ச ஒரு பையன் செத்துட்டான். பன்னெண்டு வயசு.”

எதிர் இலைக்காரர் அதற்கும் சிரித்தார். அண்ணாச்சி சிரிக்கவில்லை. என் இலையைப் பார்த்தார். எதிரே தன் தம்பியைப் பார்த்தார். பாயச வாளியோடு போகிற தங்கையைப் பார்த்தார். அவர் வாய் திறந்தது. ‘ம்’ என்றுகூட வரவில்லை. அப்படியே அடுத்த வரிசைக்கு நகர்ந்துவிட்டார்.

அவர் ஓய்வு பெற்று மகள் வீட்டோடு போய்விட்டார். மாப்பிள்ளை இன்னும் யார்டுக்குப் போகிறார். நான் அண்ணாச்சியின் நாற்காலியில் உட்கார்ந்து காகிதம் தயார் செய்கிறேன். யாராவது வந்து பக்கத்தில் நின்று பெருமூச்சு விட்டால் என் டீயை முழுவதும் நானே குடித்துவிடுகிறேன். பல்லிப் பாறையைப் பற்றி ஹார்பரில் கேட்காத ஆள் இல்லை. கேட்டில் நிற்கும் காவலர்கூட நான்கு விரலை விரித்துக் காட்டுகிறார். மொட்டை தெரியும், மீசை தெரியும், மாத்திரையின் நிறம்கூடச் சிலருக்குத் தெரியும்.

இலையைப் பற்றி மட்டும் இன்றுவரை ஒருத்தர் கேட்டதில்லை. கேஷியர் சொல்ல மாட்டார். அந்த மனிதருக்கு இன்னும் விக்கல் நிற்கவில்லை. கோயம்புத்தூர்த் தம்பிக்கு அது ஒரு தமாஷ், மறந்திருப்பார். ஆக, அண்ணாச்சியும் சொல்லவில்லை. என்னைப் பற்றி அவர் யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொண்டது அது ஒன்றுதான்.